சமயங்கள் கூடிப் பேச ஒரு திண்ணை: உங்கள் ஊரில் தொடங்கி நடத்த முழுமையான வழிகாட்டி

சமய நல்லிணக்க விழா நடத்துவதற்கு யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. ஒரு மண்டபம், மூன்று நிற உடையில் மூன்று பெரியவர்கள், பொன்னாடை, பறக்கவிட இரண்டு புறா, மறுநாள் நாளிதழில் ஒரு படம். மேடையில் கைகோத்து நின்ற மூவரும் அடுத்த ஆண்டு அதே மேடையில்தான் மறுபடி சந்திப்பார்கள். நடுவில் ஊரில் ஏதாவது நடந்தால் ஒருவருடைய தொலைபேசி எண் மற்றவரிடம் இருக்காது.

நான் எழுதப்போவது வேறொன்றைப் பற்றி. மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே இடத்தில் கூடி, தேநீர் குடித்து, ஒன்றரை மணி நேரம் பேசிக் கலைவது. ஒன்பது ஆண்டுகளாக அப்படி ஒரு குழுவில் இருக்கிறேன். இடையில் அது ஒருமுறை உடைந்து ஏழு மாதம் கூடாமலும் இருந்தது. கீழே உள்ளவற்றில் பாதியை அந்த ஏழு மாதத்தில்தான் கற்றுக்கொண்டோம்.

பெரிய மேடைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1893 செப்டம்பர் 11 முதல் 27 வரை சிகாகோவில் நடந்த உலகச் சமயங்களின் மாநாடு நமக்கும் நெருக்கமானது. விவேகானந்தரை அங்கே அனுப்பிவைக்கத் திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாள் சென்னையில் பணம் திரட்டினார். 1897 இல் சுவாமி திரும்பி வந்தபோது பாம்பனில் எதிர்கொண்டு வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. ஆனால் அந்த மாநாட்டை அதே நகரில் மறுபடி கூட்ட அதன் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது: 1993. இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் இரண்டு உலகப் போர்கள், யூத இனப்படுகொலை, இந்தியப் பிரிவினை. மாதாமாதம் கூடும் பன்னிரண்டு பேர் இவற்றையெல்லாம் தடுத்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் கையில் இருப்பது ஒரு தெரு, ஒரு சந்தை, ஒரு பள்ளிக்கூடம். அந்த அளவில் நிறையச் செய்யலாம்.

முதல் படி: எதற்காக என்று ஒரு வரியில் எழுதுங்கள்

எங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இது: "ஒருவரையொருவர் அறிந்திருக்க, ஊரில் பதற்றம் வந்தால் சேர்ந்து நிற்க." இதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவும் நாங்கள் இரண்டு கூட்டம் சண்டை போட்டோம். 'எல்லாச் சமயங்களும் ஒன்றே' என்று எழுத வேண்டும் என்றார் ஒருவர். கேட்கப் பெருந்தன்மையாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே இருந்த பெந்தெகொஸ்தே சபை அண்ணன், "அப்படி நான் நம்பவில்லையே, அப்போது நான் இங்கே வரக்கூடாதா?" என்று கேட்டார். எல்லாம் ஒன்று என்பதும் ஒரு சமயக் கொள்கைதான். அதை நுழைவுச் சீட்டாக வைத்தால், வேறுபாட்டை மதிப்பவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். பேச்சு அவர்களோடுதான் தேவை.

கத்தோலிக்கத் திருச்சபை 1991 இல் வெளியிட்ட ஓர் ஆவணம் சமய உரையாடலை நான்காகப் பிரிக்கிறது. அண்டை வீட்டாராக வாழ்வது, சேர்ந்து வேலை செய்வது, இறையியல் பேசுவது, ஆன்மிக அனுபவத்தைப் பகிர்வது. நம் ஆட்கள் எடுத்த எடுப்பில் மூன்றாவதில் குதிப்பார்கள். முதல் ஆண்டு முழுக்க முதல் இரண்டோடு நில்லுங்கள்.

இரண்டாம் படி: ஆட்களைச் சேர்ப்பது

இந்து ஒருவர், முஸ்லிம் ஒருவர், கிறிஸ்தவர் ஒருவர் என்று கணக்குப் பார்த்தால் அது சாதிச் சான்றிதழ் வேலையாகிவிடும். ஆகமக் கோயில் குருக்களும் அம்மன் கோயில் பூசாரியும் ஒருவர் அல்லர். தர்காவுக்குப் போகிறவரும் போகக்கூடாது என்பவரும் இருக்கிறார்கள். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே மூவருக்குள்ளேயே ஓர் உரையாடல் குழு தேவைப்படும். வந்தவாசி, செஞ்சிப் பக்கம் என்றால் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களை மறந்துவிடாதீர்கள். அம்பேத்கர் வழியில் பௌத்தம் தழுவியவர்களையும் கடவுளே இல்லை என்பவரையும் கூப்பிடுங்கள். எங்கள் குழுவில் யாரும் யாரையும் அவமதிக்காமல் பார்த்துக்கொள்வது ஒரு பழைய பகுத்தறிவுக்காரர்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று சமயத்தாரும் ஒரே வருமானம், ஒரே தெரு, ஒரே பெரிய மனிதர் வட்டமாக இருந்தால் அது சமய உரையாடல் ஆகாது, கிளப். முதல் ஆண்டில் எங்களிடம் ஒரே ஒரு பெண் இருந்தார். இப்போது ஐந்து பேர். பூக்கடை அக்கா வந்த பிறகுதான், 'தத்துவம்' என்ற சொல் எங்கள் கூட்டத்தில் குறைந்தது.

அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வேறு சமயத்து நண்பர் ஒருவரை முதலில் பிடியுங்கள். பிறகு இருவராக வீடு வீடாகப் போங்கள். நீங்கள் சொல்லப்போவதன் பாதியை, இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்குவதே சொல்லிவிடும். ஜமாஅத் செயலாளர், பங்குத் தந்தை, கோயில் தர்மகர்த்தா ஆகியோரையும் போய்ப் பாருங்கள். ஆனால் உறுப்பினராக அழைக்க வேண்டாம். பதவியில் இருப்பவர் தன் பதவிக்கு ஏற்றபடிதான் பேச முடியும். "இப்படி ஒன்று நடக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். தெரியாமல் நடப்பதைத்தான் அவர்கள் சந்தேகிப்பார்கள்.

மூன்றாம் படி: இடம், நேரம், தட்டில் வைப்பது

அற்பமாகத் தோன்றும் இந்தப் படியில்தான் குழுக்கள் செத்துப்போகின்றன.

இடம்: முதல் ஆறு மாதம் எந்த வழிபாட்டுத் தலமும் வேண்டாம். நூலகத்தின் பின்னறை, பள்ளி வகுப்பறை, யாருடைய அச்சகமாவது. எங்களுக்கு வாய்த்தது ஒரு தையல் கடையின் மாடி.

நேரம்: எல்லாச் சமயத்து நாட்காட்டிகளையும் ஒரே சுவரில் மாட்டுங்கள். வெள்ளி மதியம் ஆகாது, ஞாயிறு காலை ஆகாது. மாலை ஐந்து மணி என்று வைத்தோம். நவம்பர் வந்ததும் ஐந்தே முக்காலுக்கெல்லாம் மக்ரிப் எனும் அந்தித் தொழுகைக்கான பாங்கு ஒலித்து, பேச்சு நடுவில் நின்றது. நாலரைக்கு மாற்றினோம். பிரதோஷ நாளில் குருக்கள் வர முடியவில்லை, அவருக்கு அந்த நேரம்தான் அபிஷேகம். கடைசியில் ஞாயிறு பிற்பகல் மூன்றரை என்று நின்றது, அதுவும் பிரதோஷம் வராத ஞாயிறு. ரமலான் ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் இந்தக் கணக்கை ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் ஒருவருடைய தொழுகை நேரத்தை இன்னொருவர் நினைவில் வைத்துக் கூட்டத்தை முடிக்கும்போது, எந்தச் சொற்பொழிவும் செய்யாத காரியம் நடக்கிறது.

உணவு: "சைவம் போட்டுவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை" என்று நினைத்தோம். மூன்றாம் கூட்டத்தில் மீன் வியாபாரம் செய்யும் உறுப்பினர் நிதானமாகக் கேட்டார்: "எங்கள் வீட்டுச் சாப்பாடு மட்டும் ஏன் இந்தப் பக்கமே வருவதில்லை?" யாரிடமும் பதில் இல்லை. சைவம் எல்லோருக்கும் பொதுவானது என்பது சைவர்களின் எண்ணம். அடுத்த முறை சுண்டல் கொண்டுவந்தோம். ஒரு தம்பி கையில் வாங்கிவிட்டு, "இது படைத்ததா?" என்று மெல்லக் கேட்டார். பிற தெய்வத்துக்குப் படைத்ததை உண்பதில்லை என்பது பல முஸ்லிம்களும் சில கிறிஸ்தவச் சபையாரும் கடைப்பிடிப்பது. கொண்டுவந்தவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு அவரே, "இல்லை தம்பி, குக்கரில் இருந்து நேராக வருகிறது" என்றார். அந்தக் கேள்வியையும் பதிலையும் சங்கடமில்லாமல் சொல்லப் பழகினால் போதும். இப்போது எங்கள் முறை இதுதான்: தேநீர், பழம் எப்போதும். மற்றதை யார் கொண்டுவந்தாலும் என்ன, எப்படிச் செய்தது என்று ஒரு சீட்டு. வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்தக் கூடாது. சமண உறுப்பினருக்காக வெங்காயம், கிழங்கு இல்லாத ஒரு தட்டு.

பிரார்த்தனை: கூட்டத்தை எதனால் தொடங்குவது என்ற கேள்வி கட்டாயம் வரும். குத்துவிளக்கு ஏற்றுவதைச் சிலர் வழிபாடாகவே பார்க்கிறார்கள். பொதுப் பிரார்த்தனை என்று ஒன்றை எழுதினால் அது யாருக்கும் சொந்தமில்லாத பிரார்த்தனையாக இருக்கும். 1986 அக்டோபர் 27 அன்று இரண்டாம் ஜான் பால் போப்பின் அழைப்பில் உலகச் சமயத் தலைவர்கள் அசிசி நகரில் கூடியபோது இதே சிக்கல் வந்தது. சேர்ந்து பிரார்த்திக்க வரவில்லை, பிரார்த்திக்கச் சேர்ந்து வந்திருக்கிறோம் என்று வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு சமயத்தாரும் நகரின் வெவ்வேறு இடங்களில் தத்தம் முறையில் பிரார்த்தித்துவிட்டுப் பிறகு ஒன்றாகக் கூடினார்கள். எங்கள் அளவில் அது இரண்டு நிமிட மௌனம். அதற்குள் யார் யாரை நினைத்தார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை.

நான்காம் படி: பேச்சு விதிகள்

1985 இல் ஸ்டாக்ஹோம் அருகே மார்மன் சபையினர் ஆலயம் கட்டியதற்கு எதிர்ப்பு எழுந்தது. அப்போது அந்நகரின் லுத்தரன் ஆயர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் மூன்று விதிகளைச் சொன்னார். ஒரு சமயத்தைப் பற்றி அறிய அதன் எதிரிகளிடம் கேட்காதே, அதைப் பின்பற்றுவோரிடம் கேள். உன்னிடம் உள்ள சிறந்ததை அவர்களிடம் உள்ள மோசமானதோடு ஒப்பிடாதே. பிறர் சமயத்தில் கண்டு ஏங்க ஏதேனும் ஒன்றுக்கு மனத்தில் இடம் வை. அவர் அதைப் 'புனிதப் பொறாமை' என்றார். இந்த மூன்றையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

எங்கள் அனுபவத்தில் சேர்ந்தவை இன்னும் சில. "நாங்கள்" என்று பேசாமல் "நான்" என்று பேச வேண்டும். ஒருவருக்கு ஒரு சுற்றில் மூன்று நிமிடம். கூட்டத்தில் ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ கிடையாது. முக்கியமானது: தொலைதேசத்துக் கணக்கை இங்கே கேட்கக் கூடாது. எங்கோ ஒரு நாட்டில் குண்டு வெடித்தால், டீக்கடை பாயைப் பார்த்து "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பது கேள்வி அல்ல, குற்றப்பத்திரிகை. அவர் மனம் விரும்பிப் பேசினால் அது வேறு.

ஐந்தாம் படி: முதல் ஆறு கூட்டங்களில் என்ன பேசுவது

முதல் மாதம் பெயர். உங்களுக்கு இந்தப் பெயரை யார் வைத்தார், ஏன்? குலதெய்வம், புனிதர், நபித்தோழர், தாத்தா, ஒரு நடிகர் எல்லாம் வருவார்கள். சிரிப்பில் கழியும்.

இரண்டாம் மாதம் சாவு வீடு. எதிர்பார்க்காத ஆழத்துக்குப் போன கூட்டம் எங்களுக்கு இதுதான். இறந்தவரை யார் குளிப்பாட்டுவது, எத்தனை மணி நேரத்துக்குள் எடுப்பது, பெண்கள் எதுவரை வரலாம், அடுப்பு எப்போது மூட்டுவது, வருகிறவர்கள் என்ன கொண்டுவரலாம், என்ன கொண்டுவரக் கூடாது. முப்பது ஆண்டு பக்கத்து வீட்டில் இருந்தும் பூமாலையோடு மையத்து வீட்டுக்கு, அதாவது முஸ்லிம் சாவு வீட்டுக்கு, போய் நின்றதை ஒருவர் வெட்கத்தோடு சொன்னார். குறிப்பேட்டில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டோம்.

மூன்றாவதில் நோன்பு: ரமலான், தவக்காலம், சஷ்டி, சமணரின் பர்யூஷணம். நான்காவதில் சத்தம், அதாவது ஒலிபெருக்கி, வெடி, ஊர்வல வழி. இதில் ஏதாவது ஒரு சிறு உடன்பாடு கிடைத்தால் அது பொன். எங்களுக்குக் கிடைத்தது, பொதுத்தேர்வு நாட்களில் எல்லோரும் ஒலியைக் குறைப்பது.

ஐந்தாம் மாதம் வாசிப்பு. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய அறிஞர்கள் தத்தம் வேதப் பகுதிகளை அருகருகே வைத்து வாசிக்கும் வழக்கம் 1990களில் மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உருவானது. நமக்கு அதைவிட வாகான ஒன்று கையில் இருக்கிறது. கம்பர், உமறுப் புலவர், வீரமாமுனிவர் மூவரும் தங்கள் காப்பியத்தில் நாட்டுப் படலம், நகரப் படலம் வைத்திருக்கிறார்கள். கோசலத்தைப் பாடுகிறார் ஒருவர், அரபு நாட்டைப் பாடுகிறார் இன்னொருவர், யூதேயாவைப் பாடுகிறார் இத்தாலியிலிருந்து வந்த மூன்றாமவர். மூன்றிலும் மழை தமிழ்நாட்டு மழையாகவே பெய்கிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்து அரபு நாட்டில் மருதநிலம் விளைகிறது. மூன்றிலிருந்தும் இரண்டிரண்டு விருத்தங்களைப் பெயர் மறைத்து அச்சிட்டுக் கொடுத்து, எது யாருடையது என்று கேட்டோம். தமிழாசிரியர் உட்பட எல்லோரும் ஒன்றிலாவது தவறினோம். இது எல்லாம் ஒன்று என்பதற்குச் சான்று அல்ல. அடுத்தடுத்த படலங்களில் அவர்கள் வெகுதூரம் பிரிந்து போகிறார்கள். அந்தப் பிரிவையும் வாசியுங்கள்.

ஆறாம் மாதம், "என் சமயத்தில் எனக்கே உறுத்துவது." ஆறு மாதத்துக்கு முன் இதை எடுத்தால் வெடிக்கும்.

ஆறாம் படி: சேர்ந்து ஒரு வேலை

ரத்ததானம், குளம் தூர்வாருதல், மாணவர் விடுதிக்கு மாலை வகுப்பு, எதுவானாலும் சரி. 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் கோயில் மண்டபமும் கதவைத் திறந்து எல்லோரையும் தங்கவைத்ததைப் பார்த்தோம். வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அதில் யார் பெயரிலும் பலகை வைக்க இடம் இருக்கக் கூடாது.

பழம்பெருமை பேசுவதை வேலை என்று எண்ணிவிடாதீர்கள். நாகூர் தர்காவின் மிக உயரமான மினாரைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். உண்மைதான், மகிழ்ச்சிதான். அதை மேடைக்கு மேடை சொல்லும் நேரத்தில் பக்கத்துத் தெருவில் வேறு சமயத்தாருக்கு வாடகை வீடு மறுக்கப்படுகிறது. அதைப் போய்க் கேளுங்கள். எங்கள் குழு செய்தவற்றில் எனக்கு நிறைவு தருவது, ஒரு செவிலியர் பெண்ணுக்கு வீடு பிடித்துக் கொடுத்ததுதான். ஐந்து வீட்டுக்காரர்கள், மூன்று வாரம்.

ஏழாம் படி: வதந்தி வரும் இரவுக்கு ஆயத்தம்

ஆளுக்கு ஆள் எண்கள், யார் யாரை முதலில் அழைப்பது, காவல் நிலையத்தில் யாரிடம் பேசுவது. இவை காகிதத்தில் அச்சாகி எல்லோர் பர்சிலும் இருக்க வேண்டும். நேரில் போய்ப் பார்க்காமல் எதையும் மறுக்கவோ உறுதிப்படுத்தவோ கூடாது. போகும்போது இரு சமயத்தாரும் சேர்ந்து போக வேண்டும். 'இது பொய்' என்று எழுதிக்கூட அந்தக் காணொளியை அனுப்பக் கூடாது. அதுவும் பரப்புவதுதான்.

ஒரு மழை இரவு. 'மாதா கெபியை உடைத்துவிட்டார்கள்' என்று செய்தி பரவியது. கெபியின் கண்ணாடி உடைந்தது உண்மை. மேலே கிடந்தது கோயில் திருவிழாப் பதாகையின் சட்டம் என்பதும் உண்மை. எங்கள் குழுவின் மளிகைக் கடைக்காரர் பூசாரியை அழைத்தார். இருவரும் டார்ச் விளக்கோடு போனார்கள். காற்றில் முறிந்த மூங்கில், அறுந்த கயிறு, அதே வரிசையில் சாய்ந்து கிடந்த இன்னும் இரண்டு பதாகைகள். அங்கிருந்தே ஒவ்வொருவரும் தன் சமூகத்தார் குழுவில் தன் குரலில் செய்தி அனுப்பினார்கள். எழுத்தில் அனுப்பியிருந்தால் யார் எழுதியதோ என்று கேட்டிருப்பார்கள், குரலை எல்லோருக்கும் தெரியும். நாற்பது நிமிடத்தில் ஊர் தூங்கப் போனது. மறுநாள் கண்ணாடிக்குக் கோயில் கமிட்டி பணம் கொடுத்தது.

எல்லா இரவும் இப்படி முடியும் என்று நம்பாதீர்கள். நைஜீரியாவின் கடுனா நகரத்தைப் பாருங்கள். இமாம் முகம்மது அஷாபா, பாஸ்டர் ஜேம்ஸ் வூயே இருவரும் எதிரெதிர் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்கள். 1992 மோதலில் வூயே வலக்கையை இழந்தார். அஷாபா தன் ஆசானையும் உறவினர் இருவரையும் இழந்தார். 1995 இல் இருவரையும் ஒரு பத்திரிகையாளர் அறிமுகம் செய்துவைத்தார். பழிவாங்கும் எண்ணம் ஒரே நாளில் போகவில்லை என்று இருவருமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்து ஒரு மத்தியஸ்த மையம் தொடங்கினார்கள். 2002 ஆகஸ்டில் கடுனாவின் சமயத் தலைவர்கள் சமாதானப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில், உலக அழகிப் போட்டியை ஒட்டி ஒரு நாளிதழில் வந்த வரிகளால் கலவரம் மூண்டு, அதே நகரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரகடனம் அதைத் தடுக்கவில்லை. இருவரும் கடையை மூடவில்லை. 2004 இல் பலநூறு உயிர்களைக் குடித்த யெல்வா வன்முறைக்குப் பிறகு அந்த இரு சமூகங்களையும் உட்கார வைத்துச் சமாதான உடன்பாடு காணச் செய்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

எட்டாம் படி: உடையும் இடங்கள்

எங்கள் குழு உடைந்தது ஒரு புகைப்படத்தால். உறுப்பினர் ஒருவர் உள்ளாட்சித் தேர்தலில் நின்றார். நாங்கள் சேர்ந்து எடுத்த படம் அவருடைய துண்டறிக்கையில் வந்தது. மூவர் விலகினார்கள். அதிலிருந்து இரண்டு விதி: படம் எடுப்பதில்லை, தேர்தலில் நிற்பவர் முடிவு வரும்வரை கூட்டத்துக்கு வருவதில்லை.

பணம் சேர்க்காதீர்கள், தேநீர்ச் செலவை முறை வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். சங்கமாகப் பதிவு செய்யும் ஆசையையும் தள்ளிப்போடுங்கள். பதிவு செய்தால் தலைவர் வேண்டும், தலைவர் வந்தால் போட்டி வரும். மதமாற்றம், கலப்புத் திருமணம் இரண்டையும் முதல் ஆண்டு தொடாதீர்கள். இரண்டாம் ஆண்டு தொடாமலும் இருக்காதீர்கள், பேசாத பேச்சுதான் வாசலில் நின்று புளித்துப்போகும்.

தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால், ஏற்கெனவே இருப்பதோடு சேருங்கள். சிங்கப்பூரில் 1949 இல் தொடங்கிய சமயங்களுக்கு இடையிலான அமைப்பில் இன்று பத்துச் சமயங்கள் இருக்கின்றன. இலங்கையில் மாவட்ட சர்வமதக் குழுக்கள் இயங்குகின்றன. பிப்ரவரி முதல் வாரத்தை உலகச் சமய நல்லிணக்க வாரமாக ஐ.நா. பொதுச்சபை 2010 இல் அறிவித்தது. முதல் கூட்டத்துக்கு நாள் தேடுகிறவர்களுக்கு அது நல்ல சாக்கு.

சென்ற ஆண்டு தையல் கடைக்காரர் மௌத்தானார். நாங்கள் கூடும் மாடி அவருடையது. செய்தி காலை ஒன்பதுக்கு வந்தது, லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பூக்கடை அக்கா பூ கொண்டுவரவில்லை. அன்று இரவு அந்த வீட்டுக்குச் சோறு மளிகைக் கடையிலிருந்தும் மறுநாள் பூசாரி வீட்டிலிருந்தும் போனது. கபர்ஸ்தானில் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பூசாரி குனிந்து மூன்று கைப்பிடி மண் அள்ளிப் போட்டார். மாடியின் சாவியை மகன் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார்.